இரவல் நாவலும் என் நோட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்தில் நாவல் எடுத்துப் படிக்கிறவர்களும், படித்ததை எங்காவது குறித்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் நூலகர் இல்லை. பத்தொன்பது வருடமாக நூலக நாவல்களுக்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கும் வாசகர். பதில்களில் பெரும்பாலானவை அந்த நோட்டிலிருந்து வந்தவை.

பிடித்த நாவலை வாங்கியே படிக்கலாமே. நூலகத்தில் எடுப்பதில் அப்படி என்ன சந்தோஷம்?

வாங்கும்போது நாம் ஜாக்கிரதையாக இருக்கிறோம். தெரிந்த எழுத்தாளர், நாலு பேர் பாராட்டிய நாவல், ஏற்கெனவே பிடித்துப்போன வகை என்று பார்த்துப் பார்த்து எடுக்கிறோம். நூலக அலமாரி முன்னால் அந்த ஜாக்கிரதை தேவையில்லை. முதுகில் எழுத்து அழிந்துபோன ஒரு நாவலை உருவி, நடுவில் ஒரு பக்கம் படித்துப் பார்த்து, பேச்சு நன்றாக இருக்கிறதே என்று அதையும் பையில் போட்டுக்கொள்ளலாம். பிடிக்காமல் போனால் பை கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான் இழப்பு. எனக்கு நெருக்கமான எழுத்தாளர்களில் பாதிப் பேரை இப்படித்தான் கண்டெடுத்தேன்.

அப்புறம் கெடு. வாங்கிய நாவல் வருடக்கணக்கில் வீட்டில் காத்திருக்கும். இரவல் நாவல் காத்திருக்காது. திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி பின்னட்டைக்குள் ஒட்டியிருப்பதாலேயே, தூங்கப் போகும் முன் இன்னும் ஓர் அத்தியாயம் என்று கை பக்கத்தைப் புரட்டுகிறது.

நமக்கு முன்னால் படித்தவர்களும் கூடவே வருகிறார்கள். ஒரு நாவலில் 187ஆம் பக்கம் மட்டும் மூலை மடிந்திருந்தது. வேறு எங்கும் மடிப்பில்லை. அந்தப் பக்கத்தில் கதை ஒன்றும் திரும்பவில்லை. ஓர் அம்மா மகனின் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். யாரோ ஒருவர் அங்கே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். நானும் அன்றைக்கு அந்தப் பக்கத்தில்தான் நிறுத்தினேன்.

படித்தால் போதாதா? எதற்குக் குறித்து வைக்க வேண்டும்?

புத்தகம் வீட்டில் இருந்தால் அதன் முதுகே ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும். அலமாரியைக் கடந்துபோகும்போதெல்லாம் அந்தக் கதை ஒரு நொடி வந்துபோகும். இரவல் புத்தகத்துக்கு அந்த வசதி கிடையாது. கொடுத்த அன்றோடு கண்ணிலிருந்து போய்விடுகிறது. அதனால் நூலக வாசகருக்கு நோட்டுதான் அலமாரி.

இதை நான் ஓர் இழப்பில் தெரிந்துகொண்டேன். பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு நாவல் படித்தேன். நீல அட்டை. ஆற்றங்கரையில் படகு பழுதுபார்க்கும் ஒரு பெண்ணின் கதை. அந்த நாவலை முடித்துவிட்டு இரண்டு நாள் வேறு எதையும் தொட முடியவில்லை. ஆனால் பெயரையும் எழுதியவரையும் எங்கும் குறிக்கவில்லை, இதெல்லாம் மறக்குமா என்ற நம்பிக்கையில். சில வருடம் கழித்துத் தேடினேன். நூலகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலமாரி அலமாரியாகக் கூட வந்து பார்த்தார். கிடைக்கவில்லை. அந்த வாரம்தான் நோட்டு வாங்கினேன்.

என்னென்ன எடுத்தோம் என்பதை நூலகமே கணக்கு வைத்திருக்குமே?

பலரும் அப்படி நம்புகிறார்கள். பெரும்பாலும் இருக்காது. பழைய பிரவுன் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நைனா பிரவுன் என்ற நூலகர் 1895இல் எழுதிய முறை அது. புத்தகத்துக்கு ஒரு சீட்டு, வாசகருக்குச் சின்ன உறை போல ஓர் அட்டை. புத்தகம் எடுக்கும்போது சீட்டை வாசகரின் அட்டைக்குள் செருகி, தேதி வாரியாக அடுக்கி வைப்பார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் இரண்டையும் பிரித்துவிடுவார்கள். பிரித்த பிறகு அந்தப் புத்தகத்துக்கும் உங்களுக்கும் தொடர்பு இருந்ததற்கான தடயம் எதுவும் மிஞ்சாது.

கணினி வந்த பிறகு நினைத்தால் எல்லாவற்றையும் சேமிக்க முடியும். ஆனால் ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய அந்தரங்கம் என்பதால், புத்தகம் திரும்பியதும் அந்தப் பதிவிலிருந்து வாசகரின் பெயரை நீக்கிவிடும் நூலகங்கள் நிறைய. உலகம் முழுக்க நூலகங்கள் பயன்படுத்தும் கோஹா என்ற கட்டற்ற மென்பொருளில், வரலாற்றை வைத்திருக்கலாமா வேண்டாமா என்பதை வாசகரே தேர்ந்தெடுக்கும் வசதியை நூலகம் திறந்துவிட முடியும். உங்கள் நூலகக் கணக்கில் அப்படி ஒரு தெரிவு இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நீக்கிவிடுவதே சரி என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. என் வாசிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை என்னுடையதாகவே இருக்கட்டும்.

நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

நாவலின் பெயர், எழுத்தாளர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர். இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். நான் ஏழெட்டு வருடம் விட்டுவிட்டேன். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டும்போது, எனக்கு மிகவும் பிடித்த நான்கு மொழிபெயர்ப்பு நாவல்களையும் வெவ்வேறு எழுத்தாளர்கள் எழுதியிருந்தாலும் தமிழாக்கியவர் ஒருவரே என்பது தற்செயலாகத் தெரியவந்தது. முன்பே குறித்திருந்தால் அவர் மொழிபெயர்த்த எல்லாவற்றையும் தேடிப்போயிருப்பேன்.

எடுத்த தேதி, திருப்பிக் கொடுத்த தேதி. பிறகு இந்த நாவல் என்னிடம் எப்படி வந்தது என்று ஒரு வரி: நண்பர் சொன்னார், வேறொரு நாவலின் முன்னுரையில் பெயர் வந்தது, அட்டையைப் பார்த்து எடுத்தேன். பல வருடம் கழித்து நோட்டில் இந்த வரிகள்தான் மிக சுவாரசியமாக இருக்கும். ஒரு நாவல் இன்னொன்றுக்கும், அது இன்னொன்றுக்கும் உங்களைக் கைபிடித்துக் கூட்டிப்போன பாதை அதில் தெரியும்.

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள். அது வேறு எங்காவது கிடைத்துவிடும். உங்களுக்குள் தங்கிய காட்சியை இரண்டு, மூன்று வரியில் எழுதுங்கள், புத்தகத்தைப் பார்க்காமல். என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: “அண்ணன் கடிதத்தைப் பிரிக்காமலேயே அடுப்பில் போடுகிறான். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இருவரும் அதைப் பற்றிக் கடைசிவரை பேசவில்லை.” இந்த மூன்று வரி போதும், அறுநூறு பக்கமும் எழுந்து வந்துவிடும்.

எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் முன் எழுதிவிடுங்கள். பெயரின் எழுத்து, மொழிபெயர்ப்பாளர், பதிப்பாண்டு எதையாவது சரிபார்க்க வேண்டுமென்றால் புத்தகம் கையில் இருக்கும். கொடுத்துவிட்டு வந்து எழுதலாம் என்று தள்ளிப்போட்ட பதிவுகள்தான் என் நோட்டில் அரைகுறையாக இருக்கின்றன.

நோட்டு நல்லதா, செயலி நல்லதா?

எது தினமும் கைக்கு வருகிறதோ அது. செயலிகளில் மூன்றைச் சொல்லலாம். லைப்ரரிதிங் 2005இல் வந்தது; உங்கள் புத்தகங்களை நூலகம் போலவே பட்டியலிட அது வசதி. குட்ரீட்ஸ் 2007இல் வந்தது. 2013இல் அமேசான் அதை வாங்கியது. அதில் வாசகர் கூட்டம் பெரியது, நண்பர்கள் என்ன படிக்கிறார்கள் என்று பார்க்கலாம். ஸ்டோரிகிராஃப் இரண்டுக்கும் பின்னால் வந்தது. நாலேகால் நட்சத்திரம் என்றுகூட அதில் மதிப்பெண் போடலாம், பாதியில் விட்டவற்றைத் தனியாகக் குறிக்கலாம், குட்ரீட்ஸ் பட்டியலை அப்படியே கொண்டுவந்து சேர்க்கலாம். எதைப் பயன்படுத்தினாலும் வருடத்துக்கு ஒருமுறை உங்கள் பட்டியலைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் கைமாறும், மூடப்படும். உங்கள் இருபது வருட வாசிப்பு அதோடு போய்விடக் கூடாது.

நூலக நாவல்களைச் செயலியில் சேர்க்கும்போது ஒரு சிக்கல் வரும். செயலிகள் பெரும்பாலும் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணை வைத்துத்தான் தேடுகின்றன. அந்த எண் உலகத் தரமாக ஆனது 1970இல்தான். பதின்மூன்று இலக்கமாக மாறியது 2007இல். நூலகத்தின் பழைய பதிப்புகள் பலவற்றில் எண்ணே இருக்காது. எண் இருந்தாலும் ஒவ்வொரு பதிப்புக்கும் வேறு எண் என்பதால், பக்க எண்ணிக்கை மாறி வரும். பெயரை வைத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே ஒரு பதிவை உருவாக்குங்கள். அடுத்து அந்த நாவலைத் தேடி வருபவருக்கும் அது உதவும்.

நான் நோட்டுதான். எழுத்தின் சாய்வைப் பார்த்தாலே அந்த நாவலை எந்த மனநிலையில் முடித்தேன் என்று எனக்குத் தெரிகிறது.

எதை எடுப்பது என்று தெரியவில்லை. அலமாரிகளைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

முதலில் உங்கள் நூலகம் நாவல்களை எப்படி அடுக்கியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகங்களை எண்களால் வகை பிரிக்க மெல்வில் டூயி என்ற அமெரிக்க நூலகர் 1876இல் வெளியிட்ட தசம வகைப்பாட்டில் இலக்கியம் 800இலிருந்து தொடங்கும். தமிழ் இலக்கியம் 894.811. ஆனால் நாவலை மட்டும் எண்ணிலிருந்து எடுத்து, எழுத்தாளர் பெயரின் அகரவரிசையில் வைக்கும் நூலகங்களும் ஏராளம். இது தெரிந்துவிட்டால் பாதி மலைப்பு போய்விடும்.

அடுத்து, திரும்பி வந்த புத்தகங்களை வைத்திருக்கும் தள்ளுவண்டியைப் பாருங்கள். எனக்கு நூலகத்திலேயே மிகப் பிடித்த இடம் அதுதான். வரிசை கிடையாது, வகை கிடையாது. நேற்று யாரோ படித்து முடித்தவை.

ஒவ்வொரு முறையும் மூன்று நாவல் எடுத்தால், ஒன்றாவது யாரும் எடுக்காத நாவலாக இருக்கட்டும். பின்னட்டைத் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை எத்தனையோ வருடம் முன்பு விழுந்திருக்கும். இடம் போதாமல் பழைய புத்தகங்களைக் கழிக்கும்போது, கடைசியாக எப்போது இரவல் போனது என்பதையும் பல நூலகங்கள் கணக்கில் எடுக்கின்றன. நீங்கள் ஒருமுறை எடுத்தாலே அந்த நாவலுக்கு இன்னும் சில வருட ஆயுள் கூடலாம். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். தூசி படிந்த நாவலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது விதி ஞாபகம் வரும்.

பாதி படிப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது. வேறு ஒருவர் முன்பதிவு செய்திருப்பதால் புதுப்பிக்கவும் முடியவில்லை.

கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் முன் நோட்டில் நாலு விஷயம்: எத்தனையாவது அத்தியாயம், எந்தப் பக்கம், அந்த இடத்தில் யார் எங்கே இருக்கிறார்கள், உங்களுக்கு என்ன தெரிந்தாக வேண்டும். “பகுதி 2, அத்தியாயம் 9, பக்கம் 214. டாக்டர் ஊரைவிட்டுப் போய்விட்டார். வீட்டுச் சாவி யாரிடம்?” கடைசிக் கேள்வியை எழுதாவிட்டால் இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் கிடைத்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அத்தியாய எண் ஏன் என்றால், அடுத்த முறை வேறு பதிப்பு கைக்கு வந்தால் பக்க எண் உதவாது. பாத்திரங்கள் நிறைய உள்ள நாவல் என்றால் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு சின்னக் கொடிவழிப் படம் வரைந்துகொள்ளுங்கள். பல பாகம் உள்ள நாவல்களுக்கு இது மிகவும் அவசியம். ஏனென்றால் முதல் பாகம் முடிந்ததும் இரண்டாம் பாகம் அலமாரியில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்தக் காலத்திலும் இப்படிப் பாகம் பாகமாகத்தான் காத்திருந்தார்களா?

ஆமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதுதான் வழக்கம். சார்லஸ் எட்வர்ட் மூடி 1842இல் தொடங்கிய சந்தா நூலகத்தில் வருடத்துக்கு ஒரு கினி (இருபத்தொரு ஷில்லிங்) கட்டினால், ஒரு நேரத்தில் ஒரு பாகம் எடுக்கலாம். அப்போது புது நாவல் மூன்று பாகமாக வரும், விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். சாதாரண வாசகர் வாங்க முடியாத விலை. ஆகவே நாவல் படிப்பது என்றாலே இரவல் எடுத்துப் படிப்பதுதான். ஒரே நாவலின் மூன்று பாகத்தையும் மூன்று வீட்டில் ஒரே சமயத்தில் படிக்க விடலாம் என்பதால் நூலகத்துக்கும் அது லாபம். நாவலாசிரியர்கள் மூன்று பாகத்தை நிரப்பும் அளவுக்கு எழுதினார்கள். முதல் பாகத்தின் முடிவில் வாசகரை அடுத்ததற்கு ஓடிவர வைத்தார்கள். 1894இல் மூடியின் நூலகமும் டபிள்யூ.எச். ஸ்மித் என்ற இன்னொரு இரவல் நூலகமும் ஒரு பாகத்துக்கு நான்கு ஷில்லிங்குக்கு மேல் தர மாட்டோம் என்று அறிவித்த பிறகு, சில வருடங்களிலேயே மூன்று பாக நாவல் மறைந்துபோனது. ஒரு நூலகத்தின் இரவல் முறை நாவலின் நீளத்தையே தீர்மானித்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பிடிக்காமல் பாதியில் விட்ட நாவலையும் எழுத வேண்டுமா?

எழுதுங்கள், எங்கே விட்டோம் என்பதோடு. நான் கைவிட்ட ஒரு நாவலைப் பதினோரு வருடம் கழித்து மறுபடி எடுத்து, ஒரே மூச்சில் முடித்தேன். பழைய பதிவில் “அப்பா பாத்திரம் சகிக்கவில்லை” என்று எழுதியிருந்தேன். இரண்டாம் முறை எனக்கு அந்த அப்பாவைத்தான் பிடித்திருந்தது.

காதால் கேட்ட நாவல் கணக்கில் வருமா?

வரும். சார்லஸ் டார்வின் 1838இலிருந்து 1860வரை, படித்த நூல்கள், படிக்க வேண்டிய நூல்கள் என்று நோட்டுகளில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். மேலோட்டமாகப் புரட்டியதை அப்படியே மேலோட்டமாகப் புரட்டியது என்று குறித்தார். அதே டார்வின் தன் சுயசரிதையில், நாவல்கள் தனக்குப் பெரிய ஆறுதல், எல்லா நாவலாசிரியர்களையும் அடிக்கடி வாழ்த்துகிறேன் என்று எழுதுகிறார். சோகமாக முடியும் நாவல்களுக்கு எதிராகச் சட்டமே கொண்டுவர வேண்டும் என்றும் சொல்கிறார். அவர் அனுபவித்த நாவல்களில் ஏராளமானவை வீட்டில் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டவை. நோட்டில் “கேட்டது” என்று ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள், வாசித்தவர் பெயரையும்.

வருடத்துக்கு ஐம்பது நாவல் என்று இலக்கு வைக்கலாமா?

உங்களை நூலகத்துக்குக் கூட்டிப்போகும் என்றால் வைக்கலாம். நான் இரண்டு வருடம் வைத்துப் பார்த்து விட்டுவிட்டேன். டிசம்பர் வந்ததும் கை மெலிந்த நாவல்களைத் தேடத் தொடங்கியது. அந்த இரண்டு வருடமும் எண்ணூறு பக்க நாவல் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை என்பது நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இப்போது எண்ணுவதில்லை. வருடக் கடைசியில் பட்டியலைப் படித்து, மறுபடி படிக்க விரும்பும் ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் கோடு போடுகிறேன்.

நூலகப் புத்தகத்தில் பென்சிலால் மெதுவாகக் கோடு போடலாமா?

வேண்டாம். மெல்லிய காகிதத் துண்டுகளைச் செருகி வைத்துக்கொண்டு, முடித்ததும் வரிகளை நோட்டில் பக்க எண்ணோடு எழுதுங்கள். திருப்பிக் கொடுக்கும் முன் துண்டுகளை எடுத்துவிடுங்கள். பசையுள்ள ஒட்டுத்தாள் பழைய காகிதத்தில் கறை விடும்.

கெடு தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது. நூலகத்துக்குப் போகவே சங்கடமாக இருக்கிறது.

போங்கள். நூலகத்துக்குப் புத்தகம்தான் வேண்டும். 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் நியூயார்க்கின் ஒரு நூலகத்தில் எடுத்த புத்தகம் திரும்பி வரவேயில்லை. 2010இல் அவருடைய பழைய இல்லத்தைப் பராமரிப்பவர்கள் அதே பதிப்பின் வேறு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நூலகம் அபராதம் வாங்கவில்லை. தாமதக் கட்டணமே மக்களை நூலகத்திலிருந்து விரட்டுகிறது என்று உணர்ந்து அதை ரத்து செய்த இடங்களும் உண்டு. அயர்லாந்தின் பொது நூலகங்கள் 2019இல் அப்படிச் செய்தன.

இரவல் எடுத்தே படித்தால் எழுத்தாளருக்கு நஷ்டம் இல்லையா?

நூலகம் அந்தப் பிரதியைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறது. அதற்கு மேல், நூலகப் பயன்பாட்டுக்காக எழுத்தாளருக்குத் தொகை தரும் பொது இரவல் உரிமைத் திட்டம் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. முதலில் கொண்டுவந்தது டென்மார்க், 1946இல். திட்டம் இல்லாத இடங்களிலும் ஒன்று செய்யலாம்: மிகவும் பிடித்துப்போன நாவலை அப்புறம் ஒரு பிரதி வாங்குங்கள். நான் வாங்கியவை எல்லாமே முதலில் இரவலில் படித்தவை.

மின்னூலுக்கும் நூலகத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறதே, ஏன்?

பெரும்பாலான உரிமங்கள் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் தர அனுமதிக்கின்றன. சில பதிப்பகங்கள் எண்ணிக்கையும் வைக்கின்றன. ஹார்ப்பர்காலின்ஸ் 2011இல், 26 இரவலுக்குப் பிறகு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்றது. லிப்பி போன்ற செயலிகளில் கெடு முடிந்ததும் புத்தகம் தானாகவே போய்விடும், நீங்கள் நடுவில் இருந்தாலும். ஆகவே மின்னூலுக்குக் குறிப்பை முடிவில் எழுதாமல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுதிவிடுங்கள்.

பெயரே மறந்துபோன நாவல்களை நோட்டில் எப்படி எழுதுவது?

தெரிந்ததை எழுதுங்கள். அட்டையின் நிறம், எந்த வயதில் படித்தீர்கள், எங்கே உட்கார்ந்து படித்தீர்கள், ஒரு காட்சி. என் நோட்டின் முதல் பக்கம் அப்படித்தான் தொடங்குகிறது: “நீல அட்டை. ஆறு. படகுக்குத் தார் பூசும்போது அவள் பாடுவாள், ஆள் வந்தால் நிறுத்திவிடுவாள்.” அதற்கு மேலே பெயருக்கு ஒரு வரியும் எழுதியவருக்கு ஒரு வரியும் காலியாக விட்டிருக்கிறேன். தள்ளுவண்டியில் நீல அட்டை ஒன்று தெரிந்தால் இப்போதும் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.